சபாவில் ஒரு கொலை: கர்நாடக இசைப் பின்னணியில் துப்பறியும் நாவல் எழுத முழுமையான வழிகாட்டி

மார்கழி மாதம், நிறைந்த அரங்கம், பாடகர் ஃப்ளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடிக்கிறார், சரிகிறார். இந்தக் காட்சியோடு தொடங்கும் கையெழுத்துப் பிரதிகளுக்குப் பஞ்சமே இல்லை. பெரும்பாலானவை நாற்பதாவது பக்கத்துக்குள் சங்கீதத்தைக் கைகழுவிவிட்டு வெறும் சொத்துத் தகராறாக மாறிவிடுகின்றன. பாடகருக்குப் பதில் ஜவுளிக்கடை முதலாளியைப் போட்டாலும் கதை நிற்கிறது என்றால் அதில் சபாவுக்கு வேலை இல்லை.

சுருதி, தாளம், ராகம், வாத்தியம் ஆகியவற்றில் ஒன்றாவது கொலையாளியைக் காட்டிக்கொடுக்க வேண்டும். மோகனத்துக்கும் முகாரிக்கும் வித்தியாசம் தெரியாத வாசகருக்கும் அதை முன்பே பிடிக்க நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் கடினம். கீழே உள்ள படிகள் 60,000 சொற்கள், முப்பது அத்தியாயம் என்ற அளவை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இவற்றை முடிக்கும்வரை முதல் அத்தியாயத்தைத் தொட வேண்டாம்.

படி 1: ஆண்டைப் பூட்டுங்கள்

"சில வருடங்களுக்கு முன்" என்று மழுப்பினால் பின்னால் எல்லாம் உதிரும். 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கியது. அதற்கு முந்தைய கதையில் அதைக் கொண்டுவர முடியாது. தேவதாசி முறையை ஒழித்த சென்னை மாகாணச் சட்டம் 1947இல் வந்தது. அந்தப் பின்னணியில் எழுதுகிறவர்கள் அதற்கு முன்னா பின்னா என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும், பாத்திரங்களின் பேச்சே அதனால் மாறும்.

ஒலிப்பதிவு இன்னும் முக்கியம். 1970களில் வைத்தால் ஸ்பூல் டேப், 1980களில் கேசட். இரண்டிலும் வேகம் மாறினால் சுருதியும் மாறும், அது துப்பு எழுதுகிறவனுக்குப் பொற்கிணறு. இன்றைய காலத்தில் வைத்தால் அந்தக் கிணறு வற்றிவிடும். அதற்கு ஈடாக கண்காணிப்புக் கேமரா, நேரலை, முதல் வரிசையில் திருட்டுத்தனமாகப் பதிவு செய்யும் கைப்பேசிகள் கிடைக்கும்.

சபாவுக்குக் கற்பனைப் பெயர் வையுங்கள். உண்மையான சபாக்கள் பேச்சில் வந்து போகலாம், பிணம் மட்டும் அங்கே விழக்கூடாது. யாராவது ஒரு வித்வானை மூக்கும் முழியுமாக அடையாளம் தெரியும்படி எழுதுவதும் வம்பு. இந்த உலகம் மிகச் சிறியது, மூன்றாம் பக்கத்திலேயே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

படி 2: கச்சேரியையே கடிகாரமாக்குங்கள்

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கச்சேரிப் பத்ததிதான் (உருப்படிகளின் வரிசை முறை) உங்கள் கால அட்டவணை. மாலை 6.30க்குத் தொடங்கும் இரண்டரை மணி நேரக் கச்சேரி என்று வைத்துக்கொள்வோம். வர்ணம் பத்து நிமிடம். பிறகு மூன்று நான்கு உருப்படிகள். 7.20 வாக்கில் பிரதான ராகம். ஆலாபனை, வயலின் வாசிப்பு, கீர்த்தனை, நிரவல், ஸ்வரம். 8.10க்குத் தனி ஆவர்த்தனம், அதாவது தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி. 8.27க்கு முடியும். பிறகு துக்கடாக்கள், 9 மணிக்கு மங்களம். இதை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு பாத்திரமும் அந்தந்த நேரத்தில் எங்கே என்று குறியுங்கள்.

கொலைக்கு ஏற்ற நேரம் தனி ஆவர்த்தனம். அரங்கில் பாதிப் பேர் எழுந்து காண்டீனுக்குப் போவது வெட்கக்கேடான வழக்கம்தான், ஆனால் கதைக்கு வரப்பிரசாதம். நடைபாதை நிறைய ஆள், யாரும் யாரையும் கவனிப்பதில்லை, கிரீன் ரூம் காலி. மேடையில் உள்ளவர்கள் கதை வேறு. பாடகர் தாளம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும், வயலின்காரர் வில்லைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார், யாரும் மேடையை விட்டு இறங்குவதில்லை. ஆக மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் ஐந்நூறு சாட்சிகள். அவர்களில் ஒருவர்தான் கொலையாளி என்றால், கச்சேரிக்கு முன்பே வைத்துவிட்டுப் போன பொறியாக அது இருக்க வேண்டும்.

தனியின் வரிசையே ஒரு துப்பு தரும். மிருதங்கம் ஒரு சுற்று, கடம் ஒரு சுற்று, திரும்ப ஒருமுறை, பிறகு சுற்றுகள் சுருங்கிக்கொண்டே போகும் குறைப்பு, கடைசியில் இருவரும் சேர்ந்து மோரா, கோர்வை என்ற முடிவுச் சொற்கட்டுகள். சங்கீதம் தெரிந்தவர் வெளியே ஒலிபெருக்கியில் மோரா கேட்டதுமே இன்னும் ஒன்றிரண்டு நிமிடம்தான் என்று தெரிந்துகொண்டு இருக்கைக்குத் திரும்புவார். தெரியாதவர் கைத்தட்டல் கேட்ட பிறகுதான் ஓடி வருவார். "எனக்குச் சங்கீதமே தெரியாது, ஸ்பான்சர் என்பதால் வந்தேன்" என்று சொல்லும் ஆள் மோராவுக்குச் சரியாகத் திரும்பி வந்து உட்கார்ந்தார் என்றால் அவர் பொய் சொல்கிறார். நூறு பக்கம் கழித்து இதைத் திறந்து காட்டலாம்.

ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) எண்ணி நேரம் கணக்கிடும் உத்தியைப் பலரும் விரும்புவார்கள். ஆதி தாளம் இரண்டு களையில் (ஒவ்வொரு தட்டும் இருமுறை விழும் மெதுவான போக்கில்) ஓர் ஆவர்த்தனத்துக்கு 15 நொடி என்றால் 17 நிமிடத் தனியில் 68 ஆவர்த்தனம். ஆனால் தனி போகப் போகக் காலப்பிரமாணம் (வேகம்) ஓடும். சராசரி 14 நொடியாக இறங்கினாலே மொத்தத்தில் 68 நொடி குறையும். ஆகவே உங்கள் கதைமுடிச்சு ஒரு நிமிட வித்தியாசத்தில் தொங்கினால் இந்த உத்தியை நம்ப வேண்டாம். ஐந்து நிமிடம் என்றால் தாராளமாகச் செய்யலாம். இன்னொரு பிழையும் அடிக்கடி வரும். "திஸ்ர நடைக்கு மாறியதும் ஆவர்த்தனம் சுருங்கியது" என்று எழுதுவார்கள். நடை மாறினால் (திஸ்ரம் என்றால் மூன்று மூன்றாக) அட்சரத்துக்குள், அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்குள், இருக்கும் பிரிவுதான் மாறும். தாளம் போடும் கையின் வேகம் அப்படியேதான் இருக்கும்.

படி 3: மேடையை வரையுங்கள்

நடுவில் பாடகர், ஒரு பக்கம் வயலின், மறுபக்கம் மிருதங்கம், பின்னால் தம்புராவோடு சிஷ்யர், உபபக்கவாத்தியமாகக் கடமோ கஞ்சிராவோ. மிருதங்கக்காரர் வலந்தலை (வலக்கைப் பக்க முகம்) சபையைப் பார்க்கும்படி உட்காருவார். அவர் இடக்கைக்காரர் என்றால் பக்கம் மாறும், அதனால் வயலினும் இடம் மாறியாக வேண்டும். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கை வாசிப்புக்காரர் என்பதால் இது உலகறிந்த சங்கதி.

இந்த ஒரு விவரத்திலிருந்தே முழு நாவலை இழுக்கலாம். மாலை 5 மணிக்கு, மிருதங்கக்காரர் உட்காரும் இடத்தில் யாரோ ஒருவர் தண்ணீர் பாட்டிலை மாற்றி வைக்கிறார். 5.30க்கு அந்த மிருதங்கக்காரருக்குக் காய்ச்சல் என்று செய்தி வருகிறது. செக்ரட்டரி அங்கே இங்கே போன் செய்து மாற்று ஆளைப் பிடிக்கிறார், அவர் இடக்கை. இடம் மாறுகிறது, வயலின்காரர் இறக்கிறார். போலீஸ் நூற்றைம்பது பக்கத்துக்கு வயலின்காரரின் எதிரிகளைத் தேடும். உண்மையான கேள்வி வேறு: இடம் மாறியது யாருக்குத் தெரியாது? 5.30க்குப் பிறகு கட்டடத்துக்குள் இருந்த அத்தனை பேரும் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார்கள்.

கூர்மையான வாசகர் இங்கே ஓர் ஓட்டையைக் கண்டுபிடிப்பார். மாற்றம் தெரிந்தும் பாட்டிலை எடுக்க முடியாமல் போயிருக்கலாமே? அதை அடைக்க, திரை விலகும்வரை மேடைக்கு யார் வேண்டுமானாலும் போய்வர முடிந்தது என்று ஒரு சாதாரணக் காட்சியில் காட்டிவிடுங்கள். ஜமக்காளம் விரிப்பவர், மைக் செட்காரர், பூ கொண்டுவரும் மாமி, கையெழுத்து கேட்டு வரும் பையன் என்று நாலு பேர் நடமாடினால் போதும்.

படி 4: கொலை முறையை உண்மையோடு உரசிப் பாருங்கள்

தம்புராத் தந்தியால் கழுத்தை நெரிப்பது என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை, எல்லாவற்றையும்விட மோசமான யோசனையும்கூட. மெல்லிய எஃகுக் கம்பி இழுப்பவரின் விரலையே அறுத்துவிடும், மறுநாள் காலை கையைக் காட்டச் சொன்னால் கதை முடிந்தது. தம்புராவில் இருப்பதே நான்கு தந்திகள், ப ஸ ஸ ஸ. அதில் ஒன்று குறைந்தால் அறையில் உள்ள அனைவருக்கும் காது சொல்லிவிடும்.

மைக்கில் மின்சாரம் பாய்ச்சுவது அடுத்தது. ஒலிக்கலவைக் கருவி மைக்குக்கு அனுப்பும் 48 வோல்ட் மின்னழுத்தத்தில் பாயக்கூடிய மின்னோட்டம் மிகக் குறைவு, ஆளைக் கொல்லாது. வீணையில் பொருத்திய பிக்கப் வழியாக 230 வோல்ட் வர வேண்டுமானால் பெருக்கியில் கோளாறும் வேண்டும், எர்த் இணைப்பும் அறுந்திருக்க வேண்டும். அப்போதும் கலைஞர் மர மேடையில் ஜமக்காளத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறார். மின்சாரம் எந்த வழியாக வெளியேறும்? இன்னொரு கையால் உலோக மைக் ஸ்டாண்டைப் பிடித்தபோது என்று எழுதினால் ஒப்புக்கொள்ளலாம், பாதி வாசிப்பில் அவர் ஏன் அதைப் பிடித்தார் என்பதற்கும் காரணம் வைத்திருந்தால்.

வாயில் வைக்கும் வாத்தியங்கள் நாகஸ்வரம், முகர்சிங், புல்லாங்குழல். நாகஸ்வரச் சீவாளியை (ஊதும் நாணல் பகுதியை) வாசிப்பவர் வாயில் வைத்து ஊறவைத்தே பதப்படுத்துவார் என்பதால் விஷக்கதைக்காரர்களின் கண் முதலில் அதன்மேல் விழும். ஆனால் வித்வான் ஒரே சீவாளியோடு வருவதில்லை. கொத்தாகத் தொங்கும் சீவாளிகளில் எது நன்றாகப் பேசுகிறது என்று அந்த நேரத்தில்தான் தேர்ந்தெடுப்பார். எது என்று முன்கூட்டித் தெரிந்தவர் கூடவே இருக்கும் ஆள்தான். சந்தேக வட்டத்தைச் சுருக்க இது அருமையான வழி. விஷத்தின் பெயர், அளவு எதையும் எழுத வேண்டாம். கதைக்குத் தேவையும் இல்லை.

கடத்தால் தலையில் அடிப்பது எளிய முறை, ஆனால் அதன் பின்விளைவு நயமானது. அதை அடுத்த படியில் பார்க்கலாம்.

படி 5: காதால் மட்டும் பிடிக்கக்கூடிய துப்பு

நேரம் முழுவதையும் இங்கே செலவழியுங்கள்.

கடத்துக்குச் சுருதி சூளையிலேயே தீர்மானமாகிவிடும். மிருதங்கம்போல் தட்டி ஏற்றி இறக்க முடியாது, தண்ணீரோ களிமண்ணோ வைத்துச் சிறிதளவு சரிக்கட்டலாம், அவ்வளவே. அதனால் பாடகரின் கட்டைக்கு (ஆர்மோனியக் கட்டைகளின் எண்ணால் சொல்லும் சுருதி அளவுக்கு) ஏற்ற பானையைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவருவார்கள். கொலையில் உடைந்த கடத்துக்குப் பதில் வேறு ஒன்றை உறைக்குள் வைத்துவிட்டால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. 5 கட்டைப் பாடகிக்கு வாசிக்க வந்தவரின் உறையில் 1 கட்டைக்கான பானை எப்படி வந்தது என்று ஒரு காது கேட்டுவிடும்.

வீணையின் 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தும் உலோகப் படிகள்) மெழுகில் பதித்தவை. சூட்டில் மெழுகு இளகினால் மெட்டு நகரும், ஸ்வரம் பிசகும். "வீணை நாள் முழுக்க ஏ.சி. அறையில்தான் இருந்தது" என்று ஒருவர் சத்தியம் செய்ய, எடுத்து வாசித்தால் மேல் ஸ்தாயி முழுக்கக் கோணல். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் அது பயணம் செய்திருக்கிறது. இந்தத் துப்புக்கு மார்கழியைவிடச் சித்திரை பொருத்தம். ராமநவமிக் கச்சேரி என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

டேப் காலத்துக் கதை என்றால் பொய்ச் சாட்சியத்துக்கு ஒலிநாடா இருக்கிறது. நாடா 6 சதவீதம் வேகமாக ஓடினால் 1 கட்டை 1½ ஆகும், 20 நிமிடப் பதிவு 18 நிமிடம் 52 நொடியில் முடியும். அறைக்குள் சாதகம் செய்வதாகக் காட்ட நாடாவை ஓடவிட்டுப் போனவரை, "அன்னைக்கு ஒண்ணரையில பாடினாரே" என்ற பக்கத்து வீட்டுத் தாத்தாவின் ஒரு வரி கவிழ்த்துவிடும். இங்கே ஒரு கண்ணி: கட்டைக் கணக்கு சீரானது அல்ல. ஆர்மோனியத்தில் 3க்கும் 4க்கும் இடையில் கறுப்புக் கட்டை கிடையாது. "மூன்றரைக் கட்டை" என்று எழுதினால் அந்தப் பக்கத்தோடு விஷயம் தெரிந்த வாசகர் எழுந்து போய்விடுவார்.

எல்லாவற்றிலும் சிறந்தது கிரகபேதம், அதாவது அதே ஸ்வரங்களில் ஷட்ஜத்தை இடம் மாற்றினால் வேறு ராகம் ஆவது. மோகனத்தின் ஸ்வரங்கள் ஸ ரி2 க3 ப த2 (எண்கள் ஸ்வரத்தின் வகையைக் குறிப்பவை). இதே ஐந்து ஒலிகளில் காந்தாரத்தை (க) ஷட்ஜமாக (ஸ) வைத்துக் கேட்டால் ஹிந்தோளம். ரிஷபத்தை வைத்தால் மத்யமாவதி. பஞ்சமத்தை வைத்தால் சுத்த ஸாவேரி. தைவதத்தை வைத்தால் சுத்த தன்யாசி. எது ஷட்ஜம் என்று சொல்வது தம்புரா. அது இல்லாமல் சுவருக்கு அப்பால் துண்டு துண்டாகக் கேட்டால் நல்ல காதும் ஏமாறும்.

இதை வழக்காக்குங்கள். 1 கட்டையில் பாடும் ஒருவர், "ஏழு மணியிலிருந்து ஏழரை வரை சுருதிப் பெட்டி போட்டு மோகனம் பாடிக்கொண்டிருந்தேன்" என்கிறார். பக்கத்து அறையில் இருந்த பழைய ரசிகர், "மூணு கட்டையில் யாரோ ஹிந்தோளம் பாடினா" என்கிறார். போலீஸ் இன்னொரு ஆளைத் தேடும். துப்பறிபவர் ஆர்மோனியத்தைத் திறந்து 1 கட்டையின் அந்தர காந்தாரத்தை (க3) அழுத்துகிறார். அது 3 கட்டை. பாடியவர் ஒருவரே. அப்படியானால் சுருதிப் பெட்டி அந்த அறையில் ஒலிக்கவில்லை. அதை அந்த நேரத்தில் யாரோ வேறெங்கோ எடுத்துப் போயிருக்கிறார்கள், ஏதோ ஒரு சத்தத்தை மறைக்க.

இதற்கும் எல்லை உண்டு. கமகத்தோடு (ஸ்வரங்களை அசைத்து) பத்து நிமிடம் ஆலாபனை செய்தால் சுருதி இல்லாமலே மோகனம் என்று தெரிந்துவிடும். இரண்டு ராகங்களின் அசைவும் நிற்கும் இடங்களும் வேறு. ஆகவே அவர் பாடியது வெற்று ஸ்வரங்களில் அகார சாதகம் ("ஆ" என்று பாடும் பயிற்சி), அதுவும் கதவு திறந்து மூடும்போது விட்டு விட்டுக் கேட்டது என்று எழுதுங்கள்.

சங்கீதம் தெரியாத வாசகருக்கு நியாயம் செய்வது எப்படி? விடையை உடைப்பதற்குக் குறைந்தது எண்பது பக்கம் முன்னால், கொலைக்குச் சம்பந்தமே இல்லாத காட்சியில் விதியைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். ஒரு பாட்டு வாத்தியார் சிறு பிள்ளைக்குச் சுருதிப் பெட்டியை மாற்றி வைத்து வேடிக்கை காட்டலாம், "பாரு, அதே பாட்டு, ஆனா வேற ராகம் ஆயிடுத்து" என்று. அரைப் பக்கம் போதும். காட்சி சிரிப்பாக இருந்தால் யாரும் அதைத் துப்பு என்று சந்தேகிக்க மாட்டார்கள். விடைக் காட்சியில் முதன்முறையாக விதியை விளக்கினால் அது துப்பு ஆகாது, பாடம் ஆகிவிடும்.

படி 6: ஏன் கொன்றார்

தியாகராஜர் கீர்த்தனைக்கு ராயல்டி தகராறு என்று எழுதாதீர்கள். அவர் 1847இல் சமாதி அடைந்தவர், அவர் பாட்டு எல்லோருக்கும் பொது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகளுக்கு உரிமை உண்டு. 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் சாகித்தியத்துக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது. நாவலில் வரிகளை மேற்கோள் காட்டும்போதும் இதே கணக்கைப் போடுங்கள்.

உண்மையில் மனத்தைப் புகையவைக்கும் விஷயங்கள் சிறியவை. விருது, மாலை நேரச் சான்ஸ் கைமாறுவது, குருவின் பாடாந்தர நோட்டு (அவர் பாடும் முறையை எழுதிவைத்தது) யாரிடம் போனது என்பது, தனிக்கு ஐந்து நிமிடம்கூடக் கொடுக்காமல் மேடையில் அவமானப்படுத்துவது. சாதியும் உண்டு. தோலைப் பதப்படுத்தி மிருதங்கம் மூட்டுபவரின் உழைப்பில் புகழ் பெற்றவர் அவரை வீட்டுக்குள் விடாத கதைகள் இந்த உலகத்துக்குப் புதிதல்ல. கர்நாடக இசைக் கலைஞர்கள்மீது 2018இல் வெளிவந்த பாலியல் புகார்களுக்குப் பிறகு அதைத் தொடாமல் சமகால நாவல் எழுதுவது கண்ணை மூடிக்கொள்வதாகும், ஆனால் திருப்பத்துக்கான மசாலாவாகவும் அதைப் பயன்படுத்தக்கூடாது.

சந்தேகப்படும்படி பொய் சொல்லும் நிரபராதி ஒருவர் வேண்டும். கஞ்சிராவுக்கு மரபாக உடும்புத் தோல் போர்த்துவார்கள். உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. பையைச் சோதனையிட விடாமல் பதறும் கஞ்சிராக்காரர் மறைப்பது கொலையை அல்ல, அந்தத் தோலை.

படி 7: போலீஸ்

2024 ஜூலை 1 முதல் நடந்த கொலை என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 103, அதற்கு முன் என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 302. மேடையில் ஒருவர் சரிந்தால் முதலில் மாரடைப்பு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சந்தேக மரணமாகப் பதிவாகி, பிரேதப் பரிசோதனை நடந்து, உள்ளுறுப்புகள் மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறைக்குப் போய், அறிக்கை வர வாரங்கள் ஆகும். "மறுநாள் காலை விஷம் என்று ரிப்போர்ட் வந்தது" என்பது பொய். அந்த இடைவெளிதான் உங்கள் அமெச்சூர் துப்பறிபவருக்குக் கிடைக்கும் இடம். அறிக்கை வருவதற்குள் சீசனே முடிந்து வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறிவிடுவார்கள் என்ற நெருக்கடியும் சேர்ந்து கிடைக்கும்.

படி 8: பேச்சு

எல்லோரையும் ஒரே மயிலாப்பூர் பாஷையில் பேசவிடாதீர்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து நாகஸ்வரக் குடும்பம், மைக் செட் பையன், காண்டீன் மாஸ்டர், டொராண்டோவிலிருந்து வந்த யாழ்ப்பாணத்து ரசிகை, ஒவ்வொருவர் தமிழும் வேறு. பக்கவாத்தியக்காரர்கள் மூத்த பாடகரை "அண்ணா" என்பார்கள், மிருதங்கச் சிஷ்யன் குருவை "சார்" என்றோ "வாத்தியார்" என்றோ சொல்வான், பெயர் சொல்லமாட்டான். விசாரணையில் ஒருவன் பதற்றத்தில் பெயரைச் சொல்லிவிட்டால் அங்கே ஏதோ முறிந்திருக்கிறது என்று அர்த்தம்.

படி 9: இரண்டு வாசகர்கள்

முடித்த பிரதியை ஒரு மிருதங்க வித்வானிடமும், கச்சேரிப் பக்கமே போகாத ஒருவரிடமும் கொடுங்கள். முதலாமவரிடம் கேட்க வேண்டியது: எந்த இடத்தில் சிரித்தீர்கள்? அந்த இடங்களைத் திருத்துங்கள். இரண்டாமவருக்கு விடை அத்தியாயத்தைக் கொடுக்காமல் நிறுத்தி, யார் என்று கேளுங்கள். அவர் சரியான ஆளைச் சரியான காரணத்தோடு சொன்னால் துப்பை இன்னும் கொஞ்சம் மறைக்க வேண்டும். தவறான ஆளைச் சொல்லி, விடையைப் படித்ததும் பழைய பக்கத்தைத் தேடிப் புரட்டினால் அளவு சரி. புரட்டாமல் "ஓகோ, அப்படியா" என்று கீழே வைத்துவிட்டால் பாட்டு வாத்தியார் காட்சிக்குத் திரும்பிப் போய் அதை மறுபடி எழுதுங்கள்.